கடல்பாசிக்குள் மின்சாரம்

நோன்பு நாட்களில் அஸர் தொழுகை முடிந்ததும் நம் வீட்டு அடுக்களைகளில் ஒரு வேலை தவறாமல் நடைபெறும். ஒரு கைப்பிடிக் கடல்பாசியைத் தண்ணீரில் ஊறவைத்து, அடுப்பிலேற்றிக் கரைத்து, பாலும் சீனியும் சேர்த்துத் தட்டில் ஊற்றி ஆறவைப்பார்கள். கடற்கரை ஊரானாலும் மலையடிவாரத்துப் போடிநாயக்கனூரானாலும் இவ்வழக்கத்தில் மாற்றமில்லை. போடியில் மட்டும் இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போடுவதில் சற்றுத் தாராளம் இருக்கும். மஃரிபு பாங்கு ஒலிக்கும்போது தட்டில் ஊற்றிய தண்ணீர் கட்டியாகியிருக்கும். கத்தியால் கீறினால் வில்லை வில்லையாக எழுந்து வரும்.

வாசக சகோதர சகோதரிகளே! அந்த வில்லை ஒன்றைக் கையில் எடுத்துச் சற்று எண்ணிப் பாருங்கள். அதில் பாசி என்பது நூற்றுக்கு ஒரு பங்கோ இரண்டு பங்கோதான். மற்றவை யாவும் தண்ணீரும், அதில் கரைந்த பாலும் சீனியுமே. ஆயினும் அது கையிலிருந்து வழிந்தோடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகி, தம்மைப் போலப் பல மடங்கு எடையுள்ள தண்ணீரைச் சிறைப்பிடித்து வைத்திருக்கின்றன. இத்தகைய பொருளை விஞ்ஞானிகள் ஹைட்ரோஜெல் என்பர். நாம் நீர்க்கூழ் என்றே சொல்லிக் கொள்வோம். சர்பத்தில் மிதக்கும் சப்ஜா விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான உறையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இந்த நீர்க்கூழை மையாக்கி, அதில் உயிருள்ள செல்களைக் கலந்து, காகிதத்தில் எழுத்தை அச்சிடுவது போல உடலின் மென்மையான பகுதிகளை அச்சிட உலகின் பல ஆய்வுக்கூடங்களில் முயன்று வருகிறார்கள். அவர்களுள் ஒரு சாரார் இன்னும் ஒரு படி மேலே சென்று, மின்சாரம் தொட்டால் சுருங்கவும் வளையவும், மின்சாரத்தைத் தம் வழியே கடத்தவும் வல்ல மையை ஆக்கி வருகிறார்கள். போடிப் பக்கம் அறிவியல் என்றாலே பொட்டிப்புரம் மலையும் நியூட்ரினோ வழக்கும்தான் பலருக்கு நினைவில் வரும். இது அதனினும் வேறானது. மலையைக் குடைய வேண்டியதில்லை, அடுக்களையிலிருந்தே தொடங்கலாம்.

ஆனால் அதற்கு முன் ஒரு மூதாட்டியைத் தங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

பூ விழுந்த கண்

எங்கள் தெருக்கோடியில் வாழும் அவரைச் சிறியவர் பெரியவர் எல்லோரும் குப்பி என்றே அழைப்போம். இளவயதில் கணவரை இழந்தவர். விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கேரளத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுத்து, பொழுது சாயும் வேளையில் திரும்பி வந்தே மூன்று பிள்ளைகளை வளர்த்தார். ஏலச்செடியில் காய் காய்ப்பது உச்சியில் அன்று. அடித்தூரிலிருந்து தரையோடு படர்ந்து வரும் சரங்களில்தான் காய்க்கும். ஆகவே ஆளுயரத்திற்கும் மேலே வளர்ந்த தோகைகளுக்குள் தலையைக் கொடுத்துக் குனிந்தே காய் எடுக்க வேண்டும்.

ஒருநாள் அவ்வாறு குனிந்தபோது தோகையின் நுனி வலக்கண்ணில் பட்டது. "தூசிதானேன்னு இருந்துட்டேன் தம்பி. பக்கத்து வீட்டுல பிள்ளை பெத்தவகிட்டத் தாய்ப்பால் வாங்கி ஊத்தினேன். மறுநாள் விளக்கெண்ணெய் விட்டேன். ஒருநாள் வேலைக்குப் போகலைன்னா அடுப்பு எரியாது. ஒன்பதாம் நாள்தான் டாக்டரைப் பார்த்தேன்" என்று அவர் கூறும்போது குரலில் புலம்பல் இராது, கணக்குச் சொல்வது போலச் சொல்வார். புண் ஆறியது. ஆனால் கருவிழியில் வெள்ளைப் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணுக்கு இன்று பகலும் இரவும் மட்டுமே தெரியும்.

இது குப்பி ஒருவருக்கு நேர்ந்த விபத்து என்று எண்ணிவிட வேண்டாம். 1993ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் எத்தனை பேருக்கு ஏற்படுகிறது என்று கணக்கெடுத்த ஆய்வொன்று 1996இல் வெளியாயிற்று. ஆண்டொன்றுக்கு 1 இலட்சம் பேரில் 113 பேர் என்பது அதன் முடிவு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் எடுத்த கணக்கைப் போல இது ஏறத்தாழப் பத்து மடங்கு. தேனி தனி மாவட்டமானது 1997இல்தான். ஆகவே அந்த மதுரைக் கணக்கெடுப்பின் காலத்தில் போடியும் கம்பமும் மதுரை மாவட்டமே. 1994இன் தொடக்கத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அதற்கு முன் கண்ணில் அடிபட்டவர்களாயிருந்தனர். கிருமி பிடிபட்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரின் கண்ணில் இருந்தது காளான் இனக் கிருமி. இலையிலும் மண்ணிலும் வாழும் காளான், சிறு கீறல் வழியே கண்ணுக்குள் குடியேறிவிடுகிறது.

கருவிழி என்பதுதான் என்ன? அரை மில்லிமீட்டர் கனமே உள்ள ஒரு கண்ணாடிச் சவ்வு. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 78 பங்கு தண்ணீர். மீதியுள்ளதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழைகள். தண்ணீரைச் சிறைப்பிடித்த வலை! ஆம், நம் நோன்புக் கடல்பாசியின் இனத்தைச் சேர்ந்த நீர்க்கூழ் ஒன்றின் வழியாகவே தாங்கள் இவ்வரிகளைப் படித்துக் கொண்டிருக்கிறீர்கள். அதில் இரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. அதன் உட்புறத்தே ஒற்றை அடுக்காக உள்ள செல்கள் உப்பு அயனிகளை ஓயாமல் வெளியேற்றி, அவற்றோடு மிகுதித் தண்ணீரையும் இறைத்துக் கொண்டேயிருக்கின்றன. அந்த இறைப்பு நின்றால் கருவிழி ஊறிப் பருத்து மங்கிவிடும். அயனி நகர்ந்தால் தண்ணீர் நகரும், தண்ணீர் நகர்ந்தால் கூழின் உருவம் மாறும் என்னும் இந்தச் செய்தியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இக்கட்டுரையின் திறவுகோல் அதுவே.

ஓர் இல்லத்தரசியின் யோசனை

கடல்பாசி ஆய்வுக்கூடத்திற்குள் நுழைந்ததும் ஓர் அடுக்களை வழியாகத்தான். ஜெர்மனியில் இராபர்ட் கோக் என்னும் மருத்துவ மேதையின் ஆய்வுக்கூடத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்பவர் பணியாற்றினார். கிருமிகளை வளர்க்க அவர் ஜெலட்டினைப் பயன்படுத்த, அது கோடை வெப்பத்தில் உருகியது. போதாததற்குக் கிருமிகளே அதைத் தின்று கரைத்தன. அவர் மனைவி ஃபானி, தம் வீட்டு ஜெல்லி மட்டும் கோடையிலும் உருகாதிருப்பதைச் சுட்டிக் காட்டி, அதில் தாம் சேர்க்கும் அகர் அகரைப் பயன்படுத்திப் பாருங்கள் என்று 1881இல் யோசனை கூறினார். ஜாவாவில் வாழ்ந்து வந்த அயலார் ஒருவரிடமிருந்து அவர் அதை அறிந்திருந்தார். அகர் அகர் என்பது மலாய்ச் சொல். மலாயாவிலும் ஜாவாவிலும் கப்பலேறி வணிகம் செய்த நம் முன்னோருக்கு அது புதிய சொல்லாக இருந்திருக்க முடியாது.

அகரின் தனிச்சிறப்பை நம் பெண்கள் அறிவார்கள். காரணத்தை மட்டும் கேட்டிருக்க மாட்டார்கள். அது உறைவது 35 முதல் 40 பாகை வெப்பத்தில். ஆனால் உறைந்த பின் மீண்டும் உருக வேண்டுமானால் 85 பாகையளவு சூடாக வேண்டும். எனவேதான் சித்திரை வெயிலிலும் தட்டில் உள்ள பாசி நெகிழ்வதில்லை. கோக் 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் அகரைக் குறிப்பிட்டார். அந்த அம்மையாரின் பெயரைக் குறிப்பிடவில்லை. இன்றுவரை உலகின் ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்க்கும் தட்டுகளில் உறைந்திருப்பது அகர்தான். டி.என்.ஏ. சோதனையிலும் அகரிலிருந்து பிரித்தெடுத்த கூழின் குறுக்கே மின்சாரத்தைச் செலுத்தியே துண்டுகளைப் பிரிக்கிறார்கள். கடல்பாசிக்குள் மின்சாரம் பாய்வது அங்கே அன்றாட நிகழ்ச்சி.

அகர் தருவது செம்பாசி இனம். பழுப்புப் பாசி இனத்திலிருந்து கிடைப்பது அல்ஜினேட் என்னும் வேறொரு பொருள். பல் மருத்துவர் நம் வாயில் வைத்து அச்சு எடுக்கும் மாவில் இருப்பது இதுவே. அல்ஜினேட்டை உறைய வைக்கச் சூடும் வேண்டாம், குளிரும் வேண்டாம். சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் கலந்த தண்ணீர் பட்டால் போதும். சோடியம் அயனிக்கு ஒரு கை என்றும் கால்சியம் அயனிக்கு இரு கைகள் என்றும் வைத்துக் கொள்ளுங்கள். ஒரு கையுள்ளது ஓர் இழையை மட்டுமே பிடிக்கும். இரு கையுள்ளது இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடித்துக் கொள்ளும். நொடிப்பொழுதில் கூழ் கட்டியாகிவிடும். உடல் வெப்பத்திலேயே இது நிகழ்வதால் உள்ளே செல்கள் இருந்தாலும் வெந்து மடிவதில்லை. செல்களை ஏந்தும் மைக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்!

இவ்விருவகைப் பாசியும் நமக்கு அந்நியமானவை அல்ல. போடியிலிருந்து கிழக்கே ஒருநாள் பயணத்தில் மன்னார் வளைகுடாக் கரை. ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம், பாம்பன் என்று நீளும் அக்கரையில் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். பாறை கீறாதிருக்க விரல்களில் துணி சுற்றியிருப்பார்கள். துடுப்பாகப் பயன்படக் காலில் உலோகத் தகட்டைக் கட்டியிருப்பார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப்பாசி என்பன அவர்கள் வைத்த பெயர்கள். முதல் இரண்டும் அகருக்கு. பின் இரண்டும் அல்ஜினேட்டுக்கு. மண்டபத்தில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இப்பாசிகளை ஆராய்ந்து வருகிறது. வளமாவூரில் பாசிப் பூங்கா ஒன்றுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மருத்துவத்துக்கான அல்ஜினேட்டுக்குத் தேவைப்படும் தூய்மை மிகக் கடுமையானது. நஞ்சின் சாயல்கூட இருத்தல் ஆகாது. அந்தத் தூய்மையை நம் கரையிலேயே எட்டினால், தகடு கட்டி மூழ்கும் பெண்ணின் கூலியும் சற்று உயருமா என்பது என் நெடுநாள் கேள்வி. 21 தீவுகளைச் சுற்றி 1986இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது முதல் அவர்களுக்கும் வனத்துறைக்கும் ஓயாத இழுபறி. விஞ்ஞானக் கட்டுரைகளில் அவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

மருதாணிக் கூம்பு

இனி அச்சுக்கு வருவோம். ஜப்பானில் மகோத்தோ நகமுரா என்னும் குழந்தை மருத்துவர் இதயநோயுற்ற பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளித்து வந்தவர். வீட்டில் பயன்படுத்தும் மைத்தெறிப்பு அச்சுப்பொறி உமிழும் துளியும் மனித செல்லும் ஏறத்தாழ ஒரே அளவு என்பது அவர் கருத்தில் பட்டது. அப்பொறியிலிருந்து அல்ஜினேட் துளிகளைக் கால்சியம் கரைசலில் விழச் செய்து நுண்குழாய்களை உருவாக்கிக் காட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில், 2003ஐ ஒட்டி, அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் போலண்ட் அலுவலக அச்சுப்பொறியை மாற்றியமைத்து உயிருள்ள செல்களை அச்சிட்டார்.

இன்று பெரிதும் வழக்கில் உள்ள முறையைப் புரிந்துகொள்ளப் பெருநாள் இரவை நினைத்துக் கொண்டால் போதும். மருதாணிக் கூம்பை அழுத்தும்போது விழுது வழுக்கிக் கொண்டு வருகிறது. உள்ளங்கையில் விழுந்ததும் இட்ட கோடு இட்டபடியே நிற்கிறது. அழுத்தினால் இளகவும் விட்டால் இறுகவும் தெரிந்த விழுதே நல்ல விழுது. தண்ணீர் மிகுந்தால் கோடு பரவும், குறைந்தால் முனை அடைத்துக் கொள்ளும். உயிர் மைக்கும் இலக்கணம் இதுவே. ஒரு வேறுபாடு உண்டு. மருதாணியில் உயிரில்லை. மையில் உள்ள செல்களோ குறுகிய முனை வழியே நெருக்கப்பட்டால் நசுங்கி மடியும். முனையை அகலமாக்கினால் கோடு தடித்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே வழி காண்பதிலேயே ஆய்வாளர் பலரின் ஆயுள் கழிகிறது.

அச்சிட்ட பின்பும் தொல்லை தீர்வதில்லை. நம் உடலில் ஒரு செல் இரத்தக் குழாயிலிருந்து 0.2 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் மூச்சுத் திணறி மடியும். கனத்த உறுப்பை அச்சிட்டால் அதன் நடுப்பகுதி பட்டினி கிடக்கும். ஈரலும் சிறுநீரகமும் இன்னும் எட்டாக்கனியாக இருப்பதற்கு இது பெருங்காரணம். இரத்தக் குழாயே வேண்டாத மெல்லிய கருவிழி, அச்சிடுவோர் கண்ணில் முதலில் பட்டதும் இதனால்தான்.

தொட்டால் சுருங்கும் கூழ்

மாங்காயை உப்பில் போட்டால் சுருங்குகிறது. கிஸ்மிஸைத் தண்ணீரில் போட்டால் உப்புகிறது. உப்பின்றி, மின்சாரத்தால் ஒரு கூழைச் சுருக்க முடியுமா? அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய டோயோஇச்சி டனாக்காவும் அவர் தோழர்களும் 1982இல் அதற்கு விடை கண்டனர். அசிட்டோனும் தண்ணீரும் கலந்த நீர்மத்தில் வைத்த ஒரு கூழ், மின்புலம் மிகச் சிறிதே மாறியபோது நூற்றுக்கணக்கான மடங்கு சுருங்கியது. பத்தாண்டு கழித்து, 1992இல், ஜப்பானின் ஒசாடா குழுவினர் மின்சாரத்தை இப்படியும் அப்படியும் மாற்றிச் செலுத்தி, கூழ்த் துண்டு ஒன்றைத் தண்ணீருக்குள் புழுவைப் போல ஊர்ந்து செல்லச் செய்தனர். எலும்பில்லை, நரம்பில்லை, ஆயினும் அது நடந்தது!

காரணம் இதுதான். இக்கூழின் இழைகளில் எதிர்மின்னேற்றம் நிலையாக ஒட்டிக் கொண்டிருக்கும். அவற்றைச் சமன்செய்யும் நேர்மின் அயனிகளோ தண்ணீரில் விட்டுத் திரிபவை. மின்சாரம் செலுத்தியதும் திரியும் அயனிகள் யாவும் எதிர்மின்வாயை நோக்கி ஓடும். ஒரு பக்கத்தில் அயனிக் கூட்டம், மறுபக்கத்தில் வறட்சி. உப்பு எங்கே மிகுந்ததோ அங்கே தண்ணீர் பாய்வது இயற்கை. ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் இளைக்க, கூழ் வளைந்து கொடுக்கும். கருவிழியில் அயனியும் தண்ணீரும் இணைந்து நகர்வதாக மேலே கூறியதையே மனிதர் வேறு வடிவில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

சுருங்கி வளைவதால் நோயாளிக்கு என்ன பயன் என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கூழுக்குள் மருந்தை அடைத்து வைத்து, வேண்டும்போது சிறு மின்துடிப்பால் வெளியேற்றுவது ஒரு பயன். அதைவிடப் பெரிய பயன் செல்களைப் பழக்குவதில் இருக்கிறது. இதயச் செல் இதயச் செல்லாக முதிர வேண்டுமானால் துடிக்க வேண்டும்; துடிக்க வேண்டுமானால் அண்டைச் செல்லின் மின்குறிப்பு அதற்கு எட்ட வேண்டும். மாரடைப்பால் இறந்த தசையின் இடத்தில் உருவாகும் தழும்பு அந்தக் குறிப்பைக் கடத்தாது. அல்ஜினேட் கூழால் ஒட்டுப் போட்டாலோ, நுண்ணறைகளின் சுவர்களே செல்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து நிறுத்திவிடும். 2011இல் அமெரிக்காவின் பாஸ்டனில் டால் துவிர், டேனியல் கோஹேன் ஆகியோரின் குழு அல்ஜினேட் வலைக்குள் பொன்னாலான நுண்கம்பிகளைக் கலந்தது. தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவேயான கம்பிகள். அதில் வளர்ந்த இதயச் செல்கள், சேர்ந்தாற்போல் ஒரே தாளத்தில் துடித்தன. பாசியும் பொன்னும் சேர்ந்து ஒரு துடிப்பு!

பொன்னுக்கு மாற்றாக மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கும் உண்டு. 1977இல் ஷிரகாவா, மெக்டயர்மிட், ஹீகர் ஆகியோர் தொடங்கி வைத்த அத்துறைக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. ஜப்பானிய ஆய்வுக்கூடத்தில் ஒருவர் வினையூக்கியைத் தவறுதலாக ஆயிரம் மடங்கு கூடுதலாகச் சேர்த்ததே அதன் ஆரம்பம் என்பர். அவ்வகைப் பிளாஸ்டிக்குகளுள் பெடாட் என்பது உயிர் மைகளில் இன்று பெரிதும் கலக்கப்படுகிறது. ஆனால் அதன் நிறம் கருநீலம். இதயத்துக்கும் நரம்புக்கும் நிறம் பொருட்டன்று. கண்ணுக்கு ஆகுமா? கண்ணாடியில் மை பூசிவிட்டுப் பார்வை வேண்டுவது போலாகிவிடும். கனமின்றிப் பூசினால் ஒளி ஊடுருவும் என்கிறார்கள். எனக்கு அதைவிட உப்புக் கூழின் வழியே மனம் செல்கிறது. 2013இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் உப்பு கலந்த, கண்ணாடி போன்ற நீர்க்கூழின் வழியே மின்குறிப்பைச் செலுத்தி, ஒலிபெருக்கி ஒன்றைப் பாட வைத்தனர். கம்பியும் இல்லை, கறுப்பும் இல்லை. நம் உடலும் மின்சாரத்தைக் கடத்துவது உப்பின் அயனிகளால்தானே!

கண்ணுக்கு மின்சாரம் எதற்கு என்றால், அதற்கும் விடை உண்டு. 1840களிலேயே ஜெர்மானியரான தூ புவா ரேமோன் தம் விரலைக் கீறிக் கொண்டு, காயத்திலிருந்து மெல்லிய மின்னோட்டம் எழுவதை அளந்து காட்டினார். கருவிழியின் மேற்பரப்புக்கும் உட்பகுதிக்கும் இடையே எப்போதும் சிறிது மின்னழுத்த வேறுபாடு உண்டு. தோகை நுனி கீறியதும் அவ்விடத்தில் அது ஒழுகத் தொடங்குகிறது. சுற்றியுள்ள செல்கள் அந்த மின்புலத்தைத் திசைகாட்டியாகக் கொண்டு காயத்தை மூட நகர்கின்றன. 2006இல் மின் ஜாவோவும் அவர் குழுவினரும் மின்புலத்தின் திசையைப் புரட்டியபோது செல்களும் திரும்பி எதிர்த்திசையில் நடந்ததைக் கண்டனர். ஆகவே கருவிழிக்குரிய மை வெறும் ஓட்டையடைக்கும் சாந்தாக இராமல், செல்களுக்கு வழி சொல்லும் பொருளாகவும் இருந்தால் நலம் என்று ஆய்வாளர் எண்ணுவதில் பொருளிருக்கிறது.

ஹைதராபாதில் ஒரு முயல்

இந்தியாவில் இத்துறையில் குறிப்பிடத்தக்க செய்தி 2022 ஆகஸ்டில் வெளியாயிற்று. ஹைதராபாதின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம், ஹைதராபாத் ஐ.ஐ.டி., செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் ஆகிய மூன்றும் இணைந்து கருவிழி ஒன்றை அச்சிட்டு முயலின் கண்ணில் பொருத்தின. டாக்டர் சாயன் பாசு, டாக்டர் விவேக் சிங், பேராசிரியர் ஃபல்குனி பதி ஆகியோர் இதில் முன்னின்றவர்கள். மனிதக் கருவிழியிலிருந்து செல்களை நீக்கி எஞ்சிய சத்தைக் கூழாக்கி, மனிதக் கண்ணிலிருந்து எடுத்த மூலச்செல்களைச் சேர்த்து ஆக்கிய மை அது. செயற்கைப் பொருளோ விலங்கின் எச்சமோ அதில் இல்லை என்று அவர்கள் அறிவித்தனர். அந்த மைக்கு மின்சார வேலை ஏதும் கிடையாது. மின்சாரத்தை உணரும் மைகள் இன்னும் ஆய்வுக்கூடத் தட்டுகளிலும் விலங்குகளிலும்தான் சோதிக்கப்படுகின்றன. அச்சிட்ட கருவிழியை மனிதரிடம் சோதிப்பதிலும் உலகம் இப்போதுதான் முதல் அடிகளை வைக்கிறது. ஆகவே நாளையே மருத்துவமனையில் கேட்டு ஏமாற வேண்டாம்.

விலங்கின் எச்சம் என்றேனே, அதில் நம் இல்லங்களுக்குரிய செய்தி ஒன்று இருக்கிறது. உலகெங்கும் உயிர் மைக்கு மிகுதியாகப் பயன்படும் பொருள்களுள் ஒன்று ஜெலட்டின். அது மாட்டின் தோல் எலும்பிலிருந்தும் கிடைக்கும்; பன்றித் தோலிலிருந்தும் கிடைக்கும்; மீனிலிருந்தும் கிடைக்கும். ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் பன்றித் தோல் ஜெலட்டினே வழக்கம். 1995இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவ ஃபிக்ஹுக் கருத்தரங்கு, முற்றிலும் வேறு பொருளாக மாறிவிட்ட ஜெலட்டின் தூய்மையானதே என்று கருத்துரைத்தது. அறிஞர் அனைவரும் அதை ஏற்றுக் கொள்ளவில்லை. உறுப்பு மாற்றுச் சிகிச்சையைப் பொறுத்தவரை 1988இல் ஜித்தாவில் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி நிபந்தனைகளோடு அனுமதி வழங்கியது. இந்திய ஆலிம்களிடையே இன்றும் இருவேறு கருத்து நிலவுகிறது. தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஹலால் முத்திரை பார்த்து ஐஸ்கிரீம் வாங்கும் நாம், உடலுக்குள் வைக்கும் பொருள் எதிலிருந்து வந்தது என்று மருத்துவரிடம் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. பாசிக் கூழும் மீன் ஜெலட்டினும் மனிதச் சத்தும் இருக்க, இக்கேள்விக்கு இடமில்லாத மையை ஆக்க முடியும் என்பது ஹைதராபாதிலேயே தெரிந்துவிட்டது. நம் சமுதாயத்துப் பிள்ளைகள் உயிரித் தொழில்நுட்பம் பயில்கிறார்களே, அவர்களில் ஒருவர் இரண்டு பேர் இதை எடுத்துக் கொண்டால் என்ன?

இவ்வளவும் எழுதிய பின் ஓர் உண்மையை ஒளிக்காமல் கூறிவிட வேண்டும். அச்சிட்ட கருவிழி குப்பியின் கண்ணுக்கு வந்து சேர எத்தனை ஆண்டு ஆகுமோ! ஆனால் அந்தக் கண் கெடாமலே தடுக்கும் பொருள் எப்போதோ வந்துவிட்டது. நேபாளத்தின் பக்தபூரில் ஊர்தோறும் சுகாதாரத் தொண்டர்களை அமர்த்தி, கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு 1 சதவீதக் குளோரம்ஃபெனிகால் களிம்பை நாளுக்கு மூன்று முறை, மூன்று நாள் இட்டுப் பார்த்தனர். அதன் முடிவு 2001இல் வெளியாயிற்று. கீறல் பட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பிட்டவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. சிறு குழாய்க் களிம்பு! தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் ஊற்றிக் கழித்த அந்த ஒன்பது நாளை நினைத்துப் பாருங்கள். காளான் புண் வேரூன்றிய பின் நேட்டமைசின் சொட்டு மருந்தை மணிக்கொரு முறை வாரக்கணக்கில் விட வேண்டியிருக்கிறது. ஜீப் ஏறிப் பிழைப்பவர் யாரால் அது இயலும்? எனவே கண்ணில் தோகையோ வைக்கோலோ பட்டு உறுத்தினால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அரவிந்த் மருத்துவமனை தேனியிலேயே இருக்கிறது. போடியிலிருந்து பேருந்தும் உண்டு; 2023 முதல் மீண்டும் இரயிலும் உண்டு.

கண்தானம் செய்ய எண்ணுவோர், தம் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்தபின், வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மரணம் நிகழ்ந்த 6 மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும் என்பதால், மையித்து வீட்டின் அழுகைக்கிடையே புதிதாக ஆலோசிக்க நேரம் இராது.

சென்ற நோன்பில் குப்பியின் வீட்டுக்குப் போயிருந்தேன். மின்சாரக் கூழைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப இந்தப் பாசியிலதான் கண்ணு செய்யப் போறாங்களா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, தட்டிலிருந்து இரண்டு வில்லைகளை எடுத்து என் கையில் வைத்தார். அவருடைய இளைய மகளும் இப்போது மலைக்குக் காய் எடுக்கப் போகிறாள். வாசலில் தொங்கிய அவள் பையில், சாப்பாட்டுத் தூக்குக்கும் கொங்காணிக்கும் நடுவே, சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. மூக்கில் வியர்த்து வழுக்குகிறது என்று அவள் முணுமுணுக்க, வழுக்கினால் கயிறு கட்டிக்கொள் என்று குப்பி அதட்டிக் கொண்டிருந்தார்.